டோய் இந்தனோன் ஒரு நாள் டூர்: அப்பா அம்மாவோட போறோம், குரூப் வேனா தனி வண்டியா?

கொடிவேரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. டிசம்பர் ரெண்டாவது வாரம் தாய்லாந்துல சியாங் மாய்ல நாலு ராத்திரி தங்கறோம், நான், வீட்டுக்காரரு, அப்பா, அம்மா. அதுல ஒரு நாள் டோய் இந்தனோன் மலை நேஷனல் பார்க்குக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கேன். மத்த கோயில், நைட் மார்க்கெட் எல்லாம் முன்னப்பின்ன ஆனாலும் பரவால்லைங்க, இந்த ஒரு நாள் மட்டும் சரியா அமையணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது, ஏன்னா அப்பாவுக்காகத்தான் இந்த ஊரையே தேர்ந்தெடுத்தோம்.

அப்பா வால்பாறையில எஸ்டேட்ல 34 வருசம் ஃபீல்டு வேலை பாத்தவரு. ரிடையர் ஆகி கோபிக்கு கீழ வந்ததுலேர்ந்து மலையேறவே முடியலீங்க, வயசு 69, வலது முழங்கால்ல தேய்மானம், சமதரையில அரை மணி நேரம் நடப்பாரு, படின்னா பத்து ஏறினதும் நின்னுடுவாரு. அவருக்கு அருவி, போட்டோ எல்லாம் ரெண்டாம்பட்சம். "அந்த ஊரு மலை சனங்க என்ன வெள்ளாமை பண்றாங்க, எப்புடி பண்றாங்கன்னு ஒரு தடவ பாத்தாப் போதும்"ங்கறாரு. அம்மா சுத்த சைவம், முட்டை கூட சாப்பிட மாட்டாங்க.

நெட்ல பாத்தா குரூப் வேன் டூர் ஆளுக்கு 1,200லேர்ந்து 1,600 பாட் வரைக்கும் போட்டிருக்காங்க, கைடோட, மதிய சாப்பாட்டோட. தனி வண்டி, தனி கைடுன்னா கூட ஆவுது. கிவ் மே பான்னு ஒரு நடைபாதை ரொம்ப நல்லாருக்கும்னு சொல்றாங்க, அதை அப்பாவால பண்ண முடியுமுங்களா? போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

சியாங்மாய்வாசி:

கொடிவேரி, இந்த ஊர்ல ஏழு வருஷமா இருக்கேன், ஊர்லேர்ந்து யார் வந்தாலும் இந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறது என் வேலைதான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல மலையோட அமைப்பு. சியாங் மாய்லேர்ந்து 108ம் நம்பர் ரோட்ல தெற்கே சோம் தோங் பக்கம் ஒரு மணி நேரம், அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னாடியே 1009ம் நம்பர் ரோடு பிரியும், அங்கேர்ந்து உச்சி வரைக்கும் 48 கிலோமீட்டர். இந்த மலையில எல்லா இடத்தையும் கிலோமீட்டர் கல்லை வெச்சுதான் சொல்லுவாங்க. 21ம் கல் கிட்ட வச்சிரதான் அருவி, 31ல பார்க் ஆபீஸ், 41க்கு மேல ரெட்டை சேதி (புத்த ஸ்தூபி, நம்ம சைத்தியம்தான்), 42ல கிவ் மே பான் ஆரம்பம், 48ல உச்சி. உச்சி 2,565 மீட்டர், தாய்லாந்துலயே ஒசரமானது. நம்ம தொட்டபெட்டா 2,637, அதை விட இது 72 மீட்டர் கம்மிதான், மலையில வேலை பாத்த உங்கப்பாவுக்கு மலைக்காத்து புதுசா இருக்காது. ஆனா சியாங் மாய் ஊரு 300 மீட்டர்ல இருக்கு, ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல வண்டியில அவ்வளவு மேல ஏறும்போது வயசானவங்களுக்குத் தலை லேசா கிறுகிறுக்கும், உச்சியில இறங்கினதும் வேகமா நடக்க விடாதீங்க.

உச்சியிலேர்ந்து பெரிய காட்சி எதுவும் தெரியாதுங்க, இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறது நல்லது. சுத்தி அடர் காடு, பக்கத்துல விமானப்படையோட ரேடார் நிலையம், "தாய்லாந்தின் மிக உயர்ந்த இடம்"னு ஒரு பலகை, அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன சேதி. அந்த சின்ன சேதியை அவசியம் பாருங்க. சியாங் மாயோட கடைசி ராஜாக்கள்ல ஒருத்தரான இந்தவிச்சயானோன், அவரோட அஸ்தி அங்க இருக்கு. இந்தக் காடு மேல அவருக்கு அவ்வளவு பிரியம், செத்த பிறகு என்னை இங்கதான் கொண்டு வந்து வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாராம். அவர் பேராலதான் மலைக்கே இந்தனோன்னு பேர் வந்துச்சு. எழுத்தைப் பிரிச்சா இந்திர, விஜய, ஆனந்த, மூணும் நமக்குத் தெரிஞ்ச வார்த்தைங்க. வச்சிரதானும் அப்படித்தான், வஜ்ர தாரை. கைடு பேர் சொல்லும்போது காது குடுத்துக் கேளுங்க, பாதி பேர் புரிஞ்சுடும்.

முழங்காலுக்கு வர்றேன். வச்சிரதான்ல வண்டி நிக்கற இடத்துலேர்ந்து அருவி ரொம்பப் பக்கம், 80 மீட்டர் கிட்ட விழற தண்ணி, கைப்பிடிச் சுவர்லயே நின்னு பாக்கலாம், சாரல்ல தரை வழுக்கும், அது ஒண்ணுதான். ரெட்டை சேதியில படி நிறைய, ஆனா பக்கத்துலயே எஸ்கலேட்டர் போட்டிருக்காங்க. உச்சிக்குக் கிட்ட ஆங் கா னு ஒரு மரப்பலகை பாதை, ஒரு சுத்து நானூறு மீட்டர் கூட வராது, மெதுவா நடந்தா உங்கப்பாவால முடியும், கொஞ்சம் படி இருக்கு. கிவ் மே பான் வேண்டாம். மூணு கிலோமீட்டர் சுத்து, ஏத்தம் இறக்கம், ரெண்டரை மணி நேரம், நடுவுல முடியலன்னு திரும்பறதும் கஷ்டம்.

என் அபிப்பிராயம் தனி வண்டி. வேற எதுக்காகவும் இல்ல, உங்கப்பா எங்க நிக்கணும்னு ஆசைப்படறாரோ அங்க நிக்கணும்.

ஈப்போ_மகள்:

நான் குரூப் வேன்ல போனவ, அதனால என் அனுபவத்தையும் சொல்லிடறேன். கே.எல்.லேர்ந்து நேரா சியாங் மாய்க்கு பிளைட் இருக்கு, பள்ளி விடுமுறையில அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போனேன். காலையில ஏழரைக்கு ஹோட்டலுக்கு வர்றதா சொன்னாங்க, பசியாறிட்டு ரெடியா நின்னோம், வேன் எட்டே காலுக்குத்தான் வந்துச்சு, பிறகு பழைய டவுன்குள்ளயே ஒவ்வொரு ஹோட்டலா ஏறி இறங்கி ஆளுங்கள ஏத்தினதுல ஒரு மணி நேரம் அங்கேயே போச்சு. பன்னெண்டு பேர். பார்க் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததுதான்னு நாங்க நெனச்சுக்கிட்டோம், கேட்ல வந்து ஆளுக்கு 300 பாட் எடுங்கன்னாங்க, வெளிநாட்டு பெரியவங்களுக்கு 300, பிள்ளைங்களுக்கு 150. சேதிக்கும் தனி டிக்கெட். காசு பெரிசில்ல, ஆனா முன்னாலயே சொல்லியிருக்கணும்.

ஒவ்வொரு இடத்துலயும் இருபது நிமிஷம். பெரியம்மா கழிவறைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள வண்டி கெளம்பத் தயாரா நிக்கும். கேரன்ங்கற மலைவாழ் மக்கள் கிராமத்துல ஒரு ஆத்தா தறியில நெய்துக்கிட்டு இருந்தாங்க, தறியோட ஒரு முனைய இடுப்புல வார் போட்டுக் கட்டிக்கிட்டு தரையில உக்காந்து, காலை நீட்டி, இடுப்பாலயே இழுத்துப் பிடிச்சு. எங்க பெரியம்மா ஒரு காலத்துல பாயி பின்னினவங்க, அதைப் பாத்து அப்படியே பக்கத்துல உக்காந்துட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவா கிடையாது, ஆனா நூலைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கிட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல கைடு வந்து கை தட்டிக் கூப்பிட்டுட்டாரு. இன்னிக்கும் பெரியம்மா அதைச் சொல்வாங்க. அதனால தங்கச்சி, நாலு பேரா போறீங்க, தனி வண்டி எடுத்துக்குங்க.

மதுர_ஸ்டியரிங்:

ஏங்க இவ்வளவு யோசிக்கிறீங்க, கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டிட்டுப் போலாமே. தாய்லாந்துல நம்மள மாதிரியே இடது பக்கம்தான் வண்டி ஓட்டறது, ரோடு பிரமாதமா இருக்கும். நான் இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டுப் போய் மூணு நாள் ஓட்டினேன். கைடு வேற எதுக்கு, போன்ல மேப் இருக்கு, எல்லா இடத்துலயும் இங்கிலீஷ் பலகை இருக்கு.

சியாங்மாய்வாசி:

மதுர அண்ணே, ரோடு நல்லாருக்குன்றது உண்மைதான். ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, இறக்கம். உச்சியிலேர்ந்து கீழ வரும்போது சில இடத்துல சரிவு பயங்கரமா இருக்கும், ஆட்டோமேட்டிக் கார்ல கியரை குறைக்காம பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்து, பிரேக் சூடாகி ஓரமா நிக்கற வண்டிங்கள ஒவ்வொரு சீசன்லயும் பாக்கறேன். மலையில ஓட்டிப் பழகினவங்களுக்குச் சரி. ஸ்கூட்டர்ல போறவங்களுக்குச் சேர்த்தே சொல்றேன், பைக் லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா டிராவல் இன்சூரன்ஸ் ஒரு பைசா குடுக்காது.

ரெண்டாவதுதான் முக்கியம். பலகை இடத்தோட பேரைச் சொல்லும். கொடிவேரியோட அப்பா கேக்கப்போறது "ஏன் இந்தச் சரிவுல ஸ்ட்ராபெரி, அந்தச் சரிவுல நெல்லு?"ன்னு. அதுக்கு மலையில பொறந்த ஒரு ஆள் பக்கத்துல வேணும். இந்தப் பார்க்குக்குள்ளயே ஹ்மாங், கேரன் ரெண்டு சனமும் ஊரு போட்டு இருக்காங்க. 1972-ல நேஷனல் பார்க் ஆச்சு, அவங்க அதுக்கு எவ்வளவோ முன்னாடியே அங்க இருக்கறவங்க. ஹ்மாங்காரங்க மேல் சரிவுகள்ல, ஒரு காலத்துல ஓபியம் பயிர் பண்ணவங்க. 1969-ல ராஜா பூமிபோல் ராயல் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு, ஓபியத்துக்குப் பதிலா குளிர் தேசத்துப் பழம், காய்கறி, பூவு, காப்பின்னு மாத்திக் கொண்டு வந்தாங்க, அதுக்கு 1988-ல மக்சேசே விருதே குடுத்தாங்க. அந்தத் திட்டத்தோட இந்தனோன் பண்ணை பார்க்குக்குள்ளயே இருக்கு, குன் கிளாங்ங்கற ஊர்ல. கேரன்காரங்க அதுக்குக் கீழ, பள்ளத்தாக்குல அடுக்கு வயல் வெட்டி நெல் போடறவங்க. தங்களைப் பகான்யாவ்னு சொல்லிப்பாங்க. மேல காய்கறிக்குத் தண்ணி எடுத்தா கீழ சோம் தோங் விவசாயிக்குக் குறையுதுன்னு ஒரு காலத்துல பெரிய சண்டையே நடந்த மலை இது. இதெல்லாம் எந்த மேப்புலயும் இருக்காது அண்ணே.

கைடு தேடும்போது ஒண்ணு கவனிங்க. தாய்லாந்துல கைடு வேலை சட்டப்படி அந்த நாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான், லைசென்ஸ் வேணும், போட்டோவோட கார்டைக் கழுத்துல மாட்டியிருப்பாங்க. புக் பண்ணும்போதே "பகான்யாவ் கைடு அல்லது ஹ்மாங் கைடு கிடைப்பாங்களா?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. சில சின்ன ஏஜென்சிகள்ல இருக்காங்க.

மதுர_ஸ்டியரிங்:

சரிதான், வயலு விஷயம் நான் யோசிக்கல. நான் போனப்ப அருவி, உச்சி, போட்டோன்னு வந்துட்டேன். அந்த அடுக்கு வயல் பக்கமே போகல, இப்ப படிக்கும்போதுதான் எதை விட்டோம்னு தெரியுது.

நீலகிரி_வரையாடு:

ஊட்டிக்காரன் நான், பறவை பாக்கறதுக்காகவே ரெண்டு தடவை போனேன், ஆங் கா பத்தி யாரும் பெருசா எழுதலையேன்னு வந்தேன்.

ஆங் கா ன்னா தாய்லாந்து மொழியில காக்கா குட்டை. மலைக்குப் பழைய பேரே டோய் ஆங் காதான். உச்சிக்குப் பக்கத்துல ஒரு சின்ன சதுப்பு, தரையெல்லாம் ஸ்பாக்னம் பாசி, மரமெல்லாம் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பாசியும் பெரணியும் போர்த்திக்கிட்டு நிக்கும், மேகம் காட்டுக்குள்ளயே பூந்து போகும். நம்ம அவலாஞ்சி சோலைக்குள்ள நொழஞ்ச மாதிரியே அந்த ஈர வாசம். நடந்துக்கிட்டே போனா ஒரு மரத்துல ரத்தச் சிவப்புல பூ, நிமிந்து பாத்தா நம்ம காட்டுப்பூவரசு! அதே ரோடோடெண்ட்ரான் அர்போரியம் இனம், நீலகிரியில இருக்கறது ஒரு கிளை, இங்க இருக்கறது இன்னொரு கிளை. தாய்லாந்து மொழியில அதுக்கு ஆயிரம் வருஷ ரோஜான்னு அர்த்தம் வர்ற பேரு, குலாப் பான் பீ. குலாப் நமக்கும் தெரியும்ல. டிசம்பர் கடைசியிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் பூக்கும். அந்த மரத்தடியில எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. எங்க ஊர் மலைக்கும் இந்த மலைக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு, ஆனா இமயமலை வழியா ரெண்டு பக்கமும் இறங்கி வந்த ஒரே குடும்பம் மாதிரி நிக்குது.

அந்தப் பூவுல தேன் குடிக்க ஒரு தேன்சிட்டு வரும், பச்சைவால் தேன்சிட்டு. இமயமலையில பரவலா இருக்கற இனம்தான், ஆனா இந்த மலை உச்சியில இருக்கற கிளையினம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. அதோட அறிவியல் பேர்லயே அங்கானென்சிஸ்னு அந்தக் காக்கா குட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு. தேடி அலைய வேண்டாம், பலகைப் பாதை ஓரத்துல பூ இருந்தா ரெண்டு கை தூரத்துல வந்து உக்காரும்.

கொடிவேரி அக்கா, ஒரு யோசனை. எல்லா டூரும் கீழேர்ந்து அருவி, அருவின்னு பாத்துக்கிட்டே ஏறும், உச்சிக்கு வரும்போது பதினோரு மணி, கூட்டம் மொத்தமும் ஒண்ணா நிக்கும். தனி வண்டின்னா டிரைவர்கிட்ட சொல்லி நேரா உச்சிக்குப் போய்டுங்க, பிறகு இறங்கிக்கிட்டே ஒவ்வொண்ணா பாருங்க. காலையில பறவைச் சத்தம் நல்லாருக்கும், அப்பாவுக்கும் சோர்வு இல்லாத நேரத்துல நடை முடிஞ்சிடும்.

யாழ்_வாணி:

நாங்கள் போன தை மாதம் போனனாங்கள். குளிரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல எண்டு பாத்தன். கீழ சியாங் மாயில வெயில், மேல போய் இறங்கினா சரியான குளிர், அண்டைக்கு விடிய உச்சியில ஆறு டிகிரி எண்டு பலகையில காட்டினது. சில நாள் புல்லில பனி உறைஞ்சும் கிடக்குமாம், அதைப் பாக்கவே தாய்லாந்து சனம் இரவோட இரவா வருகுது. அம்மா அப்பாக்கு ஸ்வெட்டர், காது மூடுற தொப்பி, காலுக்கு சொக்ஸ் கட்டாயம். சேதிக்குப் போறதால தோளும் முழங்காலும் மூடின உடுப்பு வேணும்.

சாப்பாடு: சைவம் எண்டு சொன்னா மீன் சோஸ் ஊத்தித்தான் தருவினம், அது அவைக்கு உப்பு மாதிரி. "ஜே" எண்டு சொல்லோணும், "கின் ஜே". அது புத்த சமய விரதச் சாப்பாடு, முட்டை, பால், மீன், ஏன் உள்ளி வெங்காயம் கூட இராது. கடைகளில மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்தில போட்டிருப்பினம். ஆனா மலையில ஜே கடை கிடைக்கும் எண்டு நம்பி இருக்கக்கூடாது. நான் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனன், மாமி நிம்மதியாச் சாப்பிட்டா. எவர்சில்வர் டப்பாவில கட்டுங்கோ, நேஷனல் பார்க்குகளுக்குள்ள ஸ்டைரோஃபோம் பெட்டி, ஒருக்கா பாவிச்சு எறியிற பிளாஸ்டிக் எல்லாம் 2022இல இருந்து தடை.

பாதை வளைவு வளைவா இருக்கும், வாகனத்தில சத்தி எடுக்கிற ஆக்கள் இருந்தா முன் சீற்றில இருத்துங்கோ, கூட ஒரு இஞ்சித் துண்டு.

பயணப்பிரியன்78:

நல்ல இழை. ஒரு சின்ன சேர்க்கை, ஒரு நாள் டூர்லயே "லாங் நெக்" கிராமத்தையும் சேத்துத் தர்றவங்க இருக்காங்க, கழுத்துல பித்தளை வளையம் போட்ட பெண்கள் இருப்பாங்கல்ல, அதையும் கேட்டு சேத்துக்கோங்க, அம்மாவுக்கு வித்தியாசமா இருக்கும். அதுவும் கேரன்தானே.

சியாங்மாய்வாசி:

பயணப்பிரியன் சார், மன்னிக்கணும், இதுல எனக்கு வேற கருத்து, மனசுல பட்டதைச் சொல்லிடறேன்.

அவங்க கயான் மக்கள். பர்மாவோட கயா மாநிலத்துலேர்ந்து ராணுவச் சண்டைக்குத் தப்பிச்சு 1980கள் கடைசியிலயும் அதுக்கப்புறமும் எல்லை தாண்டி வந்த அகதிகள். முக்கியமா மே ஹோங் சோன் பக்கம் தங்கினாங்க, அப்புறம் சுற்றுலாவுக்காகவே சியாங் மாய் பக்கத்துல கிராமம் மாதிரி செட் பண்ணி, டிக்கெட் போட்டு உள்ள விடறாங்க. பின்லாந்தும் நியூசிலாந்தும் சில குடும்பங்களை ஏத்துக்கத் தயாரா இருந்தும் தாய்லாந்து வெளிய போக விடலைன்னு 2008-ல ஐ.நா. அகதிகள் ஆணையமே வெளிப்படையா கவலை தெரிவிச்சுது. இன்னிக்கு அங்க இருக்கற பெண்கள் எல்லாரும் ஒரே மனசோட இருக்காங்கன்னு நான் சொல்ல வரல, வளையல் விக்கற காசு அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுது, அதுவும் நிஜம். ஆனா டிக்கெட் வாங்கிட்டு மனுஷங்கள வேடிக்கை பாக்க என்னால அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போக முடியாது.

இந்தனோன் மலை பகான்யாவ் ஊரு அப்படி இல்ல. மே கிளாங் லுவாங்னு ஊரு பேரு. அவங்க வீடு, அவங்க வயலு, அவங்க காப்பித் தோட்டம். நாம போனாலும் போகலன்னாலும் அங்க வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கும். அந்த வித்தியாசம் நின்னு பாத்தா தெரியும்.

பயணப்பிரியன்78:

இவ்வளவு பின்னணி எனக்குத் தெரியாது சார். நான் 2011-ல போனப்ப கைடு சொன்னதை அப்படியே நம்பிட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கொடிவேரி மேடம், என் யோசனையை விட்டுடுங்க.

கொடிவேரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தனி வண்டிதான்னு முடிவு பண்ணிட்டோம். டிசம்பர் 5, 10 ரெண்டும் அங்க அரசு விடுமுறையாம், அதை விட்டு ஒரு புதன்கிழமை புக் பண்ணியிருக்கோம். கைடு மே கிளாங் லுவாங் பக்கத்துக்காரரே கிடைச்சிருக்காரு. போய்ட்டு வந்து எழுதறேனுங்க.

கொடிவேரி:

வந்துட்டோமுங்க! சொன்ன மாதிரி எழுதறேன், கொஞ்சம் பெருசா போகும்.

காலையில ஆறு மணிக்கே கெளம்பிட்டோம். வரையாடு தம்பி சொன்னபடி நேரா உச்சி. எட்டரைக்கு இறங்கறப்ப ஒன்பது டிகிரி, அம்மா ஸ்வெட்டருக்கு மேல சால்வை. ராஜாவோட சின்ன சேதி முன்னால கைடு மண்டி போட்டுக் கும்பிட்டாரு, நாங்களும் கும்பிட்டோம். ஆங் கா ல அப்பா எங்களை விட முன்னாடி நடந்தாருங்க. பூ இன்னும் விரியல, மொக்குதான் இருந்துச்சு, ஆனா தேன்சிட்டு வந்துச்சு, மஞ்சளும் செவப்புமா நெஞ்சு, அப்பா கை நீட்டினா தொடற தூரம். அப்பா ஒண்ணுமே பேசலீங்க, அந்தப் பாசி புடிச்ச மரத்தை உள்ளங்கையால தடவிக்கிட்டே நின்னாரு.

ரெட்டை சேதியில எஸ்கலேட்டர் வேலை செஞ்சுது. ராஜா பூமிபோலோடது பழுப்பு, 1987-ல அவருக்கு 60 வயசு ஆனப்ப கட்டினது, ராணியோடது ஊதா, 1992. விமானப்படை கட்டிக் குடுத்ததாம். அம்மாவையும் அப்பாவையும் அங்க பூந்தோட்டத்துல உக்கார வெச்சுட்டு நானும் வீட்டுக்காரரும் கிவ் மே பான் போனோம். அங்க நம்ம கைடு போதாதுங்க, உள்ளூர் ஹ்மாங் ஆள் ஒருத்தரைக் கட்டாயம் கூட்டிட்டுப் போகணும், ஒரு குழுவுக்கு 200 பாட். எங்களுக்கு வந்தது 60 வயசு தாண்டின ஒரு அம்மா, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு எங்களுக்கு மூச்சு வாங்கற ஏத்தத்துல பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போறாங்க. முதல்ல இருட்டுக் காடு, ஓடை சத்தம், திடீர்னு காடு முடிஞ்சு புல்வெளி, அதுக்கப்புறம் நேரா பள்ளம், காலுக்குக் கீழ மேகம். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தைதான், ஆனா எந்த இலையைக் கசக்கினா வாசம் வரும், பாறையில எங்க மலை ஆடு நிக்கும்னு கையாலயே காட்டினாங்க. ஆடு அன்னிக்கு வரல.

இப்ப அப்பா விஷயம். மத்தியானம் மே கிளாங் லுவாங் இறங்கினோம். அறுவடை முடிஞ்சு வயல்ல தாள் மட்டும் இருந்துச்சு, அது எனக்கு ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, அப்பா ஆனா வயல் வரப்பையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "கல்லு வைக்காம வெறும் மண்ணுலயே கரை நிக்குது பாரு, தண்ணி எங்கேர்ந்து எங்க எறங்குதுன்னு பாரு"ன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாரு. கைடு காப்பித் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. தோட்டம்னா நாம நெனக்கற மாதிரி வரிசை இல்லீங்க, காட்டு மரத்துக்கு அடியிலேயே அராபிகா செடி, பழம் செவப்பா பழுத்து நிக்குது. டிசம்பர் பறிப்பு சீசன். தோட்டக்காரருக்கும் அப்பா வயசுதான் இருக்கும். அப்பா ஒரு பழத்தைப் பறிச்சு, பிதுக்கி, கொட்டையை நாக்குல வெச்சுப் பாத்தாரு. அந்தப் பெரியவர் சிரிச்சுட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. அப்பா தமிழ்ல என்கிட்ட சொல்ல, நான் இங்கிலீஷ்ல கைடுகிட்ட சொல்ல, கைடு அவங்க பாஷையில அவருகிட்ட சொல்ல. வால்பாறையில நிழலுக்கு சில்வர் ஓக் நடுவோம், கவாத்து பண்ணுவோம், இங்க ஏன் மரத்தை வெட்டல? அவரு சொன்ன பதில், மரம் எங்க தாத்தா காலத்து மரம், அதை வெட்டினா ஓடை வத்திடும், ஓடை வத்தினா நெல்லு இல்ல, காப்பி வித்து நெல்லு வாங்கறதுக்கு நெல்லையே வெச்சுக்கலாமே. காய் துளைக்கற பூச்சிக்கு என்ன பண்றீங்கன்னு அப்பா கேட்டாரு, விழுந்த பழத்தை ஒண்ணு விடாம பொறுக்கிடணும்னு அவரு சொன்னாரு, அப்பா "அதேதான், அதேதான்"னு அவரோட கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஒண்ணேகால் மணி நேரம். கைடு ஒரு தடவை கூட வாட்சைப் பாக்கல. ஈப்போ அக்கா, உங்க பெரியம்மாவை நெனச்சுக்கிட்டேன்.

அதனால சிரிதான் அருவியை விட்டுட்டோம், ஹ்மாங் சந்தையில பத்தே நிமிஷம், உலர்ந்த பழமும் ஸ்ட்ராபெரியும் வாங்கினோம், வச்சிரதான்ல சாயங்கால வெளிச்சத்துல வானவில் கிடைக்கல. எங்களுக்கு ஒண்ணும் குறையாத் தெரியல.

செலவு: வண்டி, டீசல், கைடு எல்லாம் சேத்து 4,500 பாட், பார்க் கட்டணம் தனி. நாலு பேருக்குப் பிரிச்சா குரூப் வேனுக்குப் பக்கத்துலதான் வருது. அம்மாவுக்கு வாணி அக்கா சொன்னபடி புளியோதரை. கைடும் ரெண்டு வாய் கேட்டு வாங்கி சாப்பிட்டாரு.

யாழ்_வாணி:

வாசிக்க கண் கலங்கிட்டுது பிள்ளை. அப்பான்ர கால் எப்பிடி? இரவு வீங்கினதோ?

கொடிவேரி:

லேசா வீக்கம் இருந்துச்சுங்க அக்கா, வெந்நி ஒத்தடம் குடுத்தோம், மறுநாள் முழுக்க ரெஸ்ட். இப்ப சரியாயிடுச்சு.

புதுப்பயணி_திருச்சி:

மொத்த இழையும் படிச்சேன், நன்றி. நாங்க பசங்க பரீட்சை முடிஞ்சு மார்ச் கடைசியில போலாம்னு இருக்கோம், அப்ப போனா இதே மாதிரி இருக்குமா?

சியாங்மாய்வாசி:

மார்ச் வேண்டாம் நண்பா. பிப்ரவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் இங்க வடக்குல காட்டுத்தீ, வயல் எரிப்பு, எல்லை தாண்டி வர்ற புகைன்னு காத்தே மங்கலா இருக்கும், எதிர் மலை தெரியாது, சின்னப் பசங்களுக்கு மூச்சுக்கும் ஆகாது. பள்ளி லீவுதான் வழின்னா காலாண்டுப் பரீட்சை லீவைப் பாருங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம். மழை வரும், கிவ் மே பான் மூடியிருக்கும், ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் காட்டுக்கு ஓய்வு குடுக்கறாங்க. ஆனா அருவியெல்லாம் முழுசா இருக்கும், மே கிளாங் லுவாங் வயல் பச்சைப்பசேல்னு நிக்கும், கதிர் வாங்கற நேரம். குடையை மறக்காதீங்க.

கொடிவேரி:

இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். கதிர் வாங்கறப்ப போனா தண்ணி மடை எப்படி திருப்பறாங்கன்னு பாக்கலாமேங்கறாரு. அக்டோபர் டிக்கெட் விலை பாத்துக்கிட்டு இருக்கேனுங்க.